முகத்துக்கு நேரா சொன்ன மனுஷன்: ஜெனரல் மார்ஷல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மார்ஷல் திட்டம்னு, ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா குடுத்த உதவி பத்தி, ஸ்கூல் வரலாறு புக்ல ஒரு பத்தி வரும், பரீட்சைக்கு எழுதிட்டு மறந்திருப்போம். அந்த ஜார்ஜ் மார்ஷல் யாருன்னுதான் இன்னைக்கு பேசப் போறேன். அமெரிக்க ராணுவத்தோட தலைமைத் தளபதி, அப்புறம் வெளியுறவு மந்திரி, கடைசியா பாதுகாப்பு மந்திரி. ஆனா பதவிங்களை அடுக்க நான் வரல. மேல இருக்கிறவங்ககிட்ட "இது சரியில்லைங்க"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு வேலைக்குப் போற எல்லாருக்கும் தெரியும், இவரு அதை காலம் பூரா செஞ்சவரு.

1917 அக்டோபர், முதல் உலகப் போர் நேரம், பிரான்ஸ். அங்க இருந்த மொத்த அமெரிக்கப் படைக்கும் தலைவர் பெர்ஷிங். ஒரு பயிற்சியைப் பார்க்க வந்தவரு பிடிக்காம போய் டிவிஷன் தளபதியை அவருக்குக் கீழ இருக்கிற ஆபீசருங்க முன்னாடியே வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. திட்டிட்டுக் கிளம்புறவரோட கையைப் பிடிச்சு நிறுத்தினாரு பாருங்க மார்ஷல், அப்ப அவரு சின்ன ஆபீசர்தான், எங்க கஷ்டம் என்னன்னு கேட்டுட்டுப் போங்கன்னு கடகடன்னு கொட்டிட்டாரு. இவன் கதை முடிஞ்சுதுன்னு கூட இருந்தவங்க முடிவே கட்டிட்டாங்க. ஆனா போர் முடிஞ்சதும் பெர்ஷிங் இவரைத் தன் உதவியாளரா 5 வருஷம் கூடவே வெச்சுக்கிட்டாரு. அதுல பெர்ஷிங்குக்கும் பெருமை உண்டு, கேக்குற காது வேணும்ல.

அடுத்து 1938 நவம்பர், வெள்ளை மாளிகை. 10,000 விமானம் வேணும்னு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சொல்றாரு, ரூம்ல எல்லாரும் தலையாட்டுறாங்க. விமானம் மட்டும் இருந்து என்ன பண்றது, ஓட்ட ஆள் வேணும், தரையில படை வேணும். மார்ஷல்கிட்ட கேட்டப்போ, மன்னிக்கணும், எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லன்னுட்டாரு. மறுபடியும் எல்லாரும் இவரு வேலை போச்சுன்னு நினைச்சாங்க. அடுத்த வருஷமே அதே ரூஸ்வெல்ட் இவரைத் தலைமைத் தளபதியா தேர்ந்தெடுத்தாரு, 1939 செப்டம்பர் 1 பதவியேற்பு, அன்னைக்குத்தான் ஹிட்லர் படை போலந்துக்குள்ள நுழையுது. கையில இருந்தது 2 லட்சத்துக்கும் குறைவான ஆளுங்க, போர் முடியறப்ப 80 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

பிரான்ஸோட நார்மண்டி கடற்கரைல நேச நாட்டுப் படைங்க இறங்குற தாக்குதலுக்குத் தலைமை தாங்கணும்னு இவருக்கும் ஆசை இருந்துது. 1943 டிசம்பர்ல உங்க விருப்பம் என்னன்னு ரூஸ்வெல்ட் கேட்டப்போ, நாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்ங்கன்னாரு, எனக்குக் குடுங்கன்னு வாய் திறந்து கேக்கல. அந்தப் பொறுப்பு ஜெனரல் ஐசனோவருக்குப் போச்சு. செத்தவங்க, காயம்பட்டவங்க கணக்கை கலர் கலரா வரைபடம் போட்டு ஜனாதிபதிக்கு அனுப்பிட்டே இருந்தவரு இவரு, வெறும் நம்பரா மரத்துப் போயிடக் கூடாதுன்னு. 1944 மே மாசம் அந்தக் கணக்குல அவரோட வளர்ப்பு மகனும் ஒருத்தன், இத்தாலியில. மனைவிகிட்ட தானே போய் சொன்னாரு, அடுத்த மாசம் அங்க போனப்போ அந்தக் கல்லறைல போய் நின்னாரு.

அவருகிட்ட குறையே இல்லன்னு சொல்லமாட்டேன். கறுப்பின வீரர்களைத் தனியா பிரிச்சு வெச்சிருந்த ராணுவத்தை அவரு மாத்தல, ஜனாதிபதிகிட்டயே தைரியமா பேசினவரு இதுல ஏன் பேசலன்னு எனக்கு இன்னும் உறுத்துது.

1950ல கொரியப் போர் மோசமாப் போக, வயசு 70ஐ நெருங்குற மனுஷனை அப்போதைய ஜனாதிபதி ட்ரூமன் பாதுகாப்பு மந்திரியா வரச் சொன்னாரு. ராணுவத்துல இருந்தவங்க விலகி 10 வருஷம் ஆகணும்னு அப்போ சட்டம், இவருக்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியா விலக்கு குடுத்துச்சு. ஒரே வருஷம்தான் இருந்தாரு. கொரியாவுல படைக்குத் தலைமை தாங்கின ஜெனரல் மெக்கார்தரை நீக்குற விவகாரத்துல முதல்ல நிதானமா இருங்கன்னவரு, ஃபைல் எல்லாம் படிச்சுட்டு நீக்குறது சரிதான்னாரு. அதுக்குக் கிடைச்சது செனட்ல மெக்கார்த்திங்கிற செனட்டரோட தேசத்துரோகப் பழி. அவரு திருப்பிப் பேசல. 1953ல மார்ஷல் திட்டத்துக்காக அமைதிக்கான நோபல் வந்துச்சு.

சுயசரிதை எழுதுங்கன்னு எவ்வளவோ பணம் குடுக்க வந்தாங்க, மாட்டேன்னுட்டாரு. 1959ல இறந்தப்போ அவரே எழுதி வெச்சிருந்தபடி அரசு மரியாதை ஊர்வலம் இல்ல, புகழுரை இல்ல, ஒரு சின்ன சர்ச்ல சுருக்கமா ஒரு பிரார்த்தனை, அவ்வளவுதான்.