பள்ளிக்கூட மாடியில் சோலார்: மே மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பள்ளியின் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டால் லாபமா? லாபம்தான். ஆனால் விற்க வருகிறவர் காட்டும் கணக்கில் உள்ள அளவுக்குப் பெரும்பாலும் வராது. காரணம், அந்தக் கணக்கில் பள்ளி வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது.

[திரையில்: விற்பனையாளர் கணக்கு]

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 10 கிலோவாட் என்றால் 40 யூனிட், வருஷத்துக்கு 14,600. செலவு, எல்லாம் சேர்த்து 5 முதல் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடுகளுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் பள்ளிக்குக் கிடையாது.

தனியார் பள்ளி யூனிட்டுக்கு 8 ரூபாய் கட்டுவதாக எடுத்துக்கொண்டால், வருஷத்துக்கு 1,16,800 ரூபாய் மிச்சம். ஐந்தே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்பார்கள்.

[திரையில்: பள்ளி நாட்காட்டி, விடுமுறை நாட்கள் சிவப்பில்]

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வகுப்புகளுக்குச் சொல்லும் குறைந்தபட்ச வேலைநாள் 220. மீதி 145 நாள் வகுப்பு இல்லை. அதிலும் கோடை விடுமுறை, வெயில் கொளுத்தும் மே மாதத்தில் வருகிறது. பேனல் முழுவீச்சில் உற்பத்தி செய்யும்போது கீழே ஒரு மின்விசிறிகூட ஓடாது.

அந்த மின்சாரம் எங்கே போகும்? மின்வாரியத்துக்குப் போகும். வீடுகளுக்கு, அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்கிறார்கள். தனியார் பள்ளிக்கு அப்படி இல்லை. மிச்ச யூனிட்டை வாரியம் தனி விலைக்கு வாங்குகிறது. அது யூனிட்டுக்கு 4 ரூபாய்க்கும் குறைவு. நாம் 8 ரூபாய்க்கு வாங்கும் பொருளை அதில் பாதிக்கும் கீழே விற்கிறோம்.

220 நாளும் வருகிற 40 யூனிட்டையும் பள்ளியே பயன்படுத்தினால் 70,400 ரூபாய் மிச்சம். விடுமுறை நாட்களின் 5,800 யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய் வைத்தால் 20,300. ஆக 90,700. இதில் வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம், பேனல் துடைக்கிற கூலி, பேனல் தரும் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் கருவியைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற எடுத்துவைக்கும் பணம் எல்லாம் கழியும். கையில் நிற்பது 75,000 என்றால் போட்ட முதல் திரும்ப ஏழு எட்டு வருஷம் ஆகும். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் இருக்கிறது. அப்புறம் வருவதெல்லாம் லாபம். அதனால் போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியில் இடம் இருக்கிறது என்பதற்காக 20 கிலோவாட் போட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டைவிடப் பள்ளிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் மின்சாரம் அதிகம் செலவாகும், அப்போது சூரியன் இருக்காது. பள்ளியோ ஒன்பது மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடுகிறது. பேனல் வேலை செய்யும் நேரமும் அதேதான்.

[திரையில்: ஒரு வகுப்பறை]

ஒரு வகுப்பறையில் 75 வாட் மின்விசிறி நாலு, 20 வாட் டியூப் லைட் நாலு. மொத்தம் 380 வாட். இருபது வகுப்பறைக்கு 7.6 கிலோவாட். விசிறிகளை மட்டும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் வைத்த 30 வாட் விசிறிகளாக மாற்றினால் அது 4 கிலோவாட்டாக இறங்கிவிடும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றால் 80 விசிறிக்கு 2,40,000. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 5,500 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். பேனலைவிட வேகமாகப் பணம் திரும்புகிறது! என்னைக் கேட்டால் முதலில் விசிறி, அப்புறம் பேனல்.

காசு செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. பல பள்ளிகளில் காவலாளி காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவார். அதைப் பதினொரு மணிக்கு மாற்றினால் மோட்டார் சூரியனிலேயே ஓடும்.

சரி, கரண்ட் போனால்? பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பும் கூடவே நின்றுவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியர்மேல் நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இது தெரியாமல் போட்டுவிட்டு ஏமாந்துபோகாதீர்கள். பொதுத்தேர்வு நேரத்தில் விளக்கும் விசிறியும் நிற்கக்கூடாது என்றால், சில அறைகளுக்கு மட்டும் பேட்டரி வைத்துக்கொள்ளலாம். பள்ளி முழுக்க வைத்தால் செலவு எகிறிவிடும்.

அரசுப் பள்ளியின் கதை வேறு. பெரும்பாலும் மின்கட்டணம் கட்டுவது துறையோ உள்ளாட்சியோதான். கட்டணம் குறைந்தாலும் அந்தப் பணம் தலைமையாசிரியர் கைக்கு வராது. முன்னாள் மாணவர்களோ ஒரு நிறுவனமோ பேனல் வாங்கித் தருகிறார்கள், திறப்பு விழாவும் நடக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்து இன்வெர்ட்டர் பழுதானால் மாற்றக் காசு இருக்காது, பேனல் சும்மா காயும். ஆகவே கொடுக்க நினைப்பவர்கள் ஒரு கிலோவாட்டைக் குறைத்து, அந்தப் பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் பராமரிப்புக்குப் போட்டுவையுங்கள்.

மாடியில் ஓட்டை போட்டுத் தாங்கிகளை மாட்டினால் மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் ஒழுகக்கூடும். கான்கிரீட் கட்டைகளை எடையாக வைத்து நிறுத்தும் முறையைக் கேளுங்கள்; கடலோர ஊர் என்றால் புயல் காற்றைத் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வேப்பமர நிழல் விழுகிறது என்று மரத்தை வெட்ட வேண்டாம், பேனலை நகர்த்துங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூசியும் பறவை எச்சமும் துடைக்க வேண்டும். அதற்கு மாணவர்களை ஒருபோதும் மாடிக்கு அனுப்பாதீர்கள். வெயில் படும் நேரமெல்லாம் பேனல் ஒயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் பேனல் பக்கம் அது இருந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளைகள் கீழே இருந்தபடி தினமும் எத்தனை யூனிட் வந்தது என்று குறித்து வரைபடம் போடட்டும். மேகம் மூடிய நாளில் கோடு இறங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கையில் முதல் இல்லாத பள்ளிகளிடம், "நாங்களே பேனல் போடுகிறோம், யூனிட்டுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று சில நிறுவனங்கள் வரும். நல்ல ஏற்பாடுதான், ஒப்பந்தம் 15, 25 வருஷம் ஓடும். அதில் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை யூனிட்டுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஏப்ரல், மே இரண்டுக்கும் விலக்கு கேளுங்கள். அதை எழுதித் தரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.