மாமா வாசிக்கிற சுரத்தை நீ வாசிக்காதே

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸ் இசையில் வருகிற அந்த நிறைவான கார்டுகளைப் பியானோவில், கீபோர்டில் எப்படிப் பழகுவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கார்டு என்றால் பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. ஸ்டுடியோவில் பியானோ கிடையாது. ஓரமாக ஒரு ஆர்மோனியம் இருக்கிறது. பரவாயில்லை, இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதியை நீங்கள் வாயாலேயே பாடிப் பார்த்துவிடலாம். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும்.

ஆர்மோனியம் என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே அகில இந்திய வானொலியில் 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. கட்டையை அழுத்தினால் ஒரே இடத்தில் நிற்கிற சுரம்தான் வரும், சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் வராது, நம் ராகத்துக்கு அது ஆகாது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. வீணைக்காரர் ஒரே காந்தாரத்தை அசைத்து அசைத்து அழ வைத்துவிடுவார். கீபோர்டில் அது முடியாது. சுரத்தை வளைக்கப் பக்கத்தில் வைத்திருக்கிற பிட்ச் வீலைத் திருகுவதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கட்டை வைத்த கருவியால் ஒன்று முடியும். ஒரு சுரத்தை அசைக்காமலேயே, அதற்குக் கீழே இருக்கிற மற்ற சுரங்களை மாற்றி, அதே சுரத்துக்கு வேறு முகம் கொடுக்க முடியும். கார்டின் வேலை அதுதான். அசைக்க முடியாத கருவிக்கு அதுதான் ஈடு என்பது என் கட்சி.

நம்ம குமரி மாவட்டத்தில் இதற்குக் காது தயாராகவே இருக்கிறது. மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது 1806-ல். அவருக்குப் பிறகு வந்தவர்களோடு ஞானப்பாட்டும் வந்தது, நாலு குரலாகப் பாடுகிற பழக்கமும் வந்தது. இன்றைக்கும் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும் கொயர் இல்லாத சபையைத் தேட வேண்டும். சபைக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கும் பக்கத்து மைக் செட்டிலிருந்து அந்த நாலு குரல் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஜாஸ் உருவானபோது அதற்குள் போன சரக்கிலும் சபைப் பாட்டு உண்டு, பேண்டு வாத்தியம் உண்டு. ஆகையால் ரொம்ப தூரத்து உறவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் சலீல் சௌத்ரி 1965-லேயே மலையாளப் பாட்டுக்குள் கொண்டுவந்த கார்டுகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ராஜா சார் பாட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகள் போனில் ஒரு கார்டுப் பட்டியலோடு வருவார்கள். மேஜர் செவன்த், நைன்த், லெவன்த், தர்ட்டீன்த். 'டீச்சர், இது எல்லாம் எனக்குத் தெரியும்.' தெரியும்தான். அஞ்சு விரலையும் விரித்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டுவார்கள். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை தவளை மாதிரி தாவும். கேட்கிறவர்களுக்கு நாலு தனித்தனி கார்டு கேட்குமே தவிர, பாட்டு கேட்காது.

இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. குழித்துறைப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பிளஸ் டூ படிக்கிற பையன், என்னிடம் படித்தவன், முதல்முறையாக ஒரு பேண்டில் கீபோர்டு. கீழ்ச் சுரங்களைப் பிடிக்கிற பேஸ் கிட்டார் வாசித்த மாமா பாறசாலைக்காரர், வயசு அறுபதுக்கு மேலே, தமிழும் மலையாளமும் கலந்துதான் வாய் திறப்பார். பையனுக்கு உற்சாகம். இடது கையை கீபோர்டின் கீழ்க்கோடியில் வைத்து ச, க, ப, நி, மேலே ரி என்று அஞ்சு சுரத்தையும் ஒரே அமுக்கு. வலது கையிலும் அதே அஞ்சு சுரம். படித்ததெல்லாம் இலையில் வந்தாக வேண்டும், பருப்பு, சாம்பார், புளிசேரி, பாயசம் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டியாச்சு. ஸ்பீக்கரில் 'கொர்' என்று ஒரு சத்தம். பாடகி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குச் சுருதி கிடைக்கவில்லை.

இரண்டு பாட்டுக்கு நடுவில், மாப்பிள்ளை பெண்ணுக்கு மாலை மாற்றுகிற இடைவெளியில், பெரியவர் அவன் பக்கம் குனிந்தார். 'மோனே, நீ எனக்க சோலியையும் சேத்துப் பாக்கே. பின்ன எனக்க சம்பளத்தையும் நீயே வாங்கிக்கோ.' பையன் முழித்தான். 'நான் ச வாசிக்கேன் இல்லியா? அந்த ச உனக்கு வேண்டாம். ப-வும் வேண்டாம். கைய மேல கொண்டு வா. நான் எங்க போறேன்னு பாத்துட்டு, மிச்சம் உள்ளத மட்டும் வாசி.'

அடுத்த பாட்டில் அவன் இடது கையை கீபோர்டின் நடுவில் உள்ள மிடில் சி பக்கம் கொண்டுவந்தான். கார்டுக்கு இரண்டே சுரம், சில இடத்தில் மூன்று. நான் கீழே சாப்பாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன், எனக்கே வேறு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்டது. சுரம் குறைந்தது, ஆனால் நிறைவு கூடியது. அந்தப் பெரியவர் எந்தப் புஸ்தகத்திலும் இதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் 1950-களின் கடைசியில் பில் எவன்ஸ், வின்டன் கெல்லி போன்ற பியானோக்காரர்கள் செய்ததும் இதையேதான். பேஸ் வாசிக்க ஆள் இருக்கிறபோது கார்டுக்குப் பெயர் கொடுக்கிற மூலச் சுரத்தை இடது கையில் விட்டுவிட்டார்கள். விட்டதால் காலியான விரலுக்கு, மூலத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது, பதிமூன்றாவது சுரத்தைக் கொடுத்தார்கள். எவன்ஸோடு பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 1961-ல் கார் விபத்தில் இறந்தபோது வயசு 25தான். அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் பேஸைக் கேட்டால், பியானோக்காரர் ஏன் அவ்வளவு இடம் விட்டார் என்பது புரியும்.

கீழ்க்கோடியில் ஏன் 'கொர்' என்று கேட்டது? அதற்கும் காரணம் உண்டு. மிடில் சி நொடிக்கு சுமார் 262 அதிர்வு, அதற்கு மேலே உள்ள ஈ 330. இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம், காது தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும். அதே ஜோடியை இரண்டு ஸ்தாயி கீழே கொண்டுபோனால் 65-ம் 82-ம். வித்தியாசம் 17தான். காதால் பிரிக்க முடியாது, உறுமலாகத்தான் கேட்கும். அதனால் கீழே ஒற்றைச் சுரம், நெருக்கமான சுரங்கள் எல்லாம் மிடில் சி-யைச் சுற்றி.

இப்போது வீட்டில் இரண்டு பேர் தயாரா? சமையலை ஒரு நிமிஷம் சிம்மில் வையுங்கள். சங்கராபரணத்தில், அதாவது மேற்கத்திய மேஜர் ஸ்கேலில், பாடப்போகிறோம். ச-வை கீபோர்டின் சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ம, ம, க என்று மெதுவாகப் பாடுங்கள். இன்னொருவர் மேல் ஸ்தாயி ச, அப்புறம் நி, நி. சேர்ந்து பாடினால் முதலில் ம-வும் ச-வும், இரண்டாவது ம-வும் நி-யும், மூன்றாவது க-வும் நி-யும். முதல் ஜோடி அமைதி. இரண்டாவதில் ஒரு உரசல். மூன்றாவதில் உரசல் தீர்ந்து உட்காருகிறது. ஒவ்வொரு முறையும் ஒருவர்தான் நகர்ந்தார், அதுவும் அரைப்படி, அதாவது ஒட்டி அடுத்த கட்டைக்கு. மற்றவர் நின்ற இடத்திலேயே நின்றார். ஜாஸ்காரர்கள் ராப்பகலாக வாசிக்கிற டூ ஃபைவ் ஒன், அதாவது ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களை மூலமாக வைத்த மூன்று கார்டு, என்பதன் உயிர் இந்த இரண்டு குரல்தான். வீட்டில் மூன்றாவதாக ஒரு தாத்தா இருந்தால் கீழே ரி, ப, ச என்று அவரைப் பாடச் சொல்லுங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். மூன்று கார்டும் வந்தாச்சு, ஆளுக்கு ஒரு சுரம் வீதம்.

திரும்பவும் பாடிக்கொள்ளுங்கள்: ம ம க, ச நி நி. இதைத்தான் நான் ஒரு மாசத்துக்கு வேறு எதுவும் சொல்லாமல் வாசிக்க வைப்பேன்.

இது காதில் ஏறிய பிறகு கையில் சதை போடலாம். இடது கையில் சுண்டு விரல் மிடில் சி-க்குக் கீழே உள்ள ம-வில். நடுவிரல் த, ஆள்காட்டி விரல் ச, கட்டை விரல் க. இது மூலம் விட்ட டி மைனர் நைன்த். இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் பக்கத்தில் உள்ள நி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்று விரலும் அசையக் கூடாது. ஜி தர்ட்டீன்த் வந்துவிட்டது. பிள்ளைகள் பயப்படுகிற பெரிய பெயர், ஒரே ஒரு விரல், ஒரே ஒரு கட்டை. அங்கிருந்து க, ப, நி, ரி-க்குப் போனால் சி மேஜர் நைன்த். நி நின்ற இடத்தில் நிற்கும், மற்ற மூன்றும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு இறங்கும். கை மேஜைமேல் வைத்த மாதிரி இருக்கும், தாவல் இல்லை.

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சௌகரியம். கிரக பேதம் தெரிந்திருக்கும். சங்கராபரணத்தை ரி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, ப-விலிருந்து தொடங்கினால் அரிகாம்போதி. முதல் கார்டுக்குக் கரகரப்பிரியா, இரண்டாவதற்கு அரிகாம்போதி, மூன்றாவதற்குச் சங்கராபரணம். கடைசிக் கார்டில் ம-வை அப்படியே வைத்தால் க-வோடு இடிக்கும். அதனால் ஜாஸ்காரர் அதை அரைப்படி மேலே உள்ள பிரதி மத்தியமத்துக்கு ஏற்றிவிடுவார். கல்யாணி வந்து நிற்கும். அரிகாம்போதியில் அதே மாற்றம் செய்தால் வாசஸ்பதி. ராகத்தைக் கார்டுக்குள் அடைத்துவிட்டேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். கமகத்தைக் கழித்துவிட்டு ஏணிப்படியை மட்டும்தான் சொல்கிறேன்.

பழகுவது வேறு, பாட்டில் போடுவது வேறு. சபையில் ஆராதனை முடியும்போது எல்லோரும் கடைசி ச-வில் வந்து நிற்பார்கள். அந்த இடத்தில் ஆசையாக மேஜர் செவன்த் அமுக்கினீர்கள் என்றால் உங்கள் நி-யும் பாட்டி பாடுகிற ச-வும் முட்டிக்கொள்ளும். பாட்டி தன் சுருதி போய்விட்டது என்று பாட்டை நிறுத்திவிடுவார்கள். அங்கே நி வேண்டாம், த போடுங்கள். ச, க, த, மேலே ரி. நிறைவாகவும் இருக்கும், யார் தொண்டையோடும் சண்டை போடாது. மெட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கார்டு போடவே கூடாது. சபை பாடும்போது நான் முக்கால்வாசி சாதா கார்டுதான் வாசிப்பேன். காணிக்கை எடுக்கும்போது யாரும் பாடுவதில்லையே, நம் ஆசையெல்லாம் அந்த நாலு நிமிஷத்தில்.

அப்புறம் அந்த டிரான்ஸ்போஸ் பட்டன். எல்லாவற்றையும் சி-யிலேயே படித்துவிட்டு, பாடகர் 'ஸ்கேல் ஈ ஃப்ளாட்' என்றதும் பட்டனைத் தட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் அவசரத்துக்குத் தட்டுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் பழகும்போது அதன்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவையுங்கள். ம ம க, ச நி நி-யைப் பன்னிரண்டு ஸ்கேலிலும் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும். பாட முடிந்தால் விரல் தானாகப் போகும். வாரத்துக்கு ஒரு ஸ்கேல் என்றாலும் மூன்று மாசத்தில் முடிந்துவிடும். எத்தனை பேர் அதைச் செய்யாமல் புதுக் கீபோர்டு வாங்கப் போகிறார்கள்! அறுபத்தொரு கட்டையே போதும், அதில் நடுவில் உள்ள இரண்டு ஸ்தாயியில்தான் நமக்கு வேலை.

மைனர் ஸ்கேலில் இதே டூ ஃபைவ் ஒன் எப்படி வரும் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், அதற்கு நேரமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் பாடினீர்கள் இல்லையா, மேலே உள்ள இரண்டு பேரும் பாடுவதை மாற்ற வேண்டாம். கீழே பாடுகிற தாத்தா மட்டும் ரி, ப, ச என்பதற்குப் பதிலாக ரி, சுத்த ரிஷபம், ச என்று அரைப்படி அரைப்படியாக இறங்கட்டும். நடுவில் இருந்த ஜி செவன் காணாமல் போய் டி ஃப்ளாட் செவன் வந்திருக்கும். ம-வும் நி-யும் அந்த இரண்டு கார்டுக்குமே சொந்தம், அதனால்தான் மேலே யாரும் நகர வேண்டியதில்லை. இன்று ராத்திரி பாடிப் பாருங்கள். தாத்தாவுக்குச் சுத்த ரிஷபம் பிடிபடவில்லை என்றால் கீபோர்டில் ச-வுக்கு அடுத்த கறுப்புக் கட்டையை அமுக்கிக் காட்டுங்கள். வணக்கம்.