இன்று இரண்டு ஆட்டம் ஆடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, விதிகள் எல்லாம் வேண்டாம். மைதானத்தில் ஓர் இடத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய முனைகளுக்கு பேஸ் என்று பெயர். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே ஒருவர் நிற்பார். அவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். வலக்கை ஆட்டக்காரர்கள் இழுத்து அடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி அவரை நோக்கித்தான் சீறிக்கொண்டு வரும். ஓடிக் குனிந்து எடுக்க வேண்டும். உடம்பு நிலைகொள்வதற்கு முன்பே நூறடிக்கும் மேல் குறுக்காக, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அதனால் கால் வேகமும் கைச் சுருக்கும் உள்ளவரைத்தான் அங்கே நிறுத்துவார்கள். அவர் மட்டை பிடித்து என்ன செய்வார் என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கிரிக்கெட்டில் ஒரு காலத்தில் விக்கெட் கீப்பரை நாம் எப்படிப் பார்த்தோமோ அப்படித்தான். பிடித்தால் போதும், ரன் வந்தால் லாபம்.

அந்த இடத்தில் நின்றவர்தான் சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ். 1955 முதல் 1960 வரை ஆறு ஆண்டுகளில் 248 ஹோம் ரன். ஹோம் ரன் என்றால் பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடுவது, நம் சிக்ஸர் மாதிரி. அந்த ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவின் உச்ச நிலை லீக்குகளான நேஷனல், அமெரிக்கன் இரண்டிலும் அவரைவிட அதிகம் அடித்தவர் ஒருவருமில்லை. பெயர்பெற்ற அடிப்பாளர்களான வில்லி மேஸும் ஹாங்க் ஆரனும் மிக்கி மேன்டிலும் அதே காலத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்!

1931இல் டெக்சஸ் மாநிலம் டல்லஸில் பிறந்தவர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். சிறுவனுக்கு இந்த ஆட்டத்தின்மேல் அவ்வளவு ஆசை கிடையாது. அப்பாதான் சில்லறைக் காசைக் கையில் கொடுத்துப் பந்து பிடிக்க அழைப்பாராம். படித்த பள்ளியிலும் பேஸ்பால் அணி இல்லை. 1950இல் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென இருந்த தனி லீக்கில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு இரண்டு ஆண்டு ராணுவம். 1953 செப்டம்பரில் கப்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடையை ஜாக்கி ராபின்சன் என்ற ஆட்டக்காரர் உடைத்து ஆறு ஆண்டு கழிந்திருந்தது. சிகாகோ அவ்வளவு மெதுவாகத்தான் கண் விழித்தது.

பழைய படச்சுருள்களில் அவர் மட்டையோடு நிற்பதைப் பாருங்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் கூட, எடை எண்பது கிலோவுக்குச் சற்று மேல். ஹோம் ரன் அடிப்பவர் என்றால் நாம் நினைக்கும் புஜம் எதுவும் இல்லை. பந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மட்டைப் பிடியின் மேல் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும், புல்லாங்குழலின் துளைகளில் ஓடுவதுபோல. பலம் எல்லாம் மணிக்கட்டில். கையில் எடை குறைந்த மட்டை. மட்டை இலேசானால் சுழற்றும் நேரம் குறையும். அந்த அளவுக்குப் பந்தைக் கூடுதலாகப் பார்த்துவிட்டு அடிக்கலாம். மற்றவர்கள் சுழற்றத் தொடங்கியிருக்கும் நொடியில் இவர் இன்னும் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1955இல் 44 ஹோம் ரன். அதற்கு முன் ஒரு பருவத்தில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் நாற்பதைத் தொட்டதில்லை. மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்னை அதே பருவத்தில் ஐந்து முறை அடித்தார். அதுவும் அன்றைக்குச் சாதனை. 1958இல் 47, 1959இல் 45. இரண்டு ஆண்டும் நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே. அந்த லீகில் அடுத்தடுத்து இரு முறை அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அந்த 47ஐ மிஞ்ச இன்னொரு ஷார்ட்ஸ்டாப், அலெக்ஸ் ரோட்ரிகஸ், 2001இல்தான் வந்தார்.

இங்கே ஒரு வழக்கு உண்டு. கப்ஸ் அந்த இரு ஆண்டுகளிலும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம்: 1958இல் 72 வெற்றி, 82 தோல்வி, 1959இல் 74, 80. தோற்கிற அணியில் ஒருவர் 47 அடித்தால் என்ன, ஏழு அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சுற்றி நல்ல மட்டையாளர்கள் இருந்தால் எதிரணிப் பந்து வீச்சாளர் இவருக்கும் நேராக வீசித்தான் ஆக வேண்டும். பலவீனமான அணியில் அந்தக் கட்டாயம் இல்லை. வாகான பந்து தராமலே இவரைக் கடந்து போகலாம். அப்படியும் அடித்தார். அது போதாதென்று, 1959 பருவம் முழுவதும் தடுப்பில் அவர் செய்த தவறு வெறும் 12. பேங்க்ஸ் இல்லையென்றால் கப்ஸ் அணி அல்புகர்க்கியில் போய்த்தான் முடிந்திருக்கும் என்று பேஸ்பால் அணி மேலாளர் ஜிம்மி டைக்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அல்புகர்க்கி எங்கோ தென்மேற்குப் பாலைவனத்து ஊர். பட்டியலில் இடமே இருந்திருக்காது என்கிறார்!

1961இல் முழங்கால் படுத்தியது. இடம் மாறி முதல் பேஸுக்குப் போனார். ஆட்டக் கணக்கில் பார்த்தால் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றதைவிட அங்கே நின்றதுதான் அதிகம். 1970 மே 12 அன்று தன் ஊர் மைதானமான ரிக்லி ஃபீல்டில், அட்லாண்டாவின் பாட் ஜார்விஸ் வீசிய பந்தில் ஐந்நூறாவது ஹோம் ரன். பார்க்க வந்திருந்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1971இல் 512உடன் நிறுத்திக்கொண்டார். மொத்தம் 2,528 ஆட்டங்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டத்துக்கான இறுதிக் கட்டப் போட்டி இல்லை. 1969இல் பருவத்தின் பெரும்பகுதி முன்னணியில் இருந்தும் நியூயார்க் மெட்ஸிடம் கோட்டைவிட்டார்கள். கப்ஸ் கடைசியில் பட்டம் வென்றது 2016இல். பேங்க்ஸ் 2015 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

ரிக்லி ஃபீல்டில் 1988 வரை மின்விளக்குகளே கிடையாது. அவர் காலத்தில் அங்கே எல்லாம் பகல் ஆட்டம். நல்ல வெயில் அடித்தால், "இன்று இரண்டு ஆட்டம் ஆடுவோம்" என்பார். தோற்று வந்த மறுநாளும் அதே பேச்சுத்தான். 2008இல் மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை வைத்தபோது, அந்த வாசகத்தையே பீடத்தில் பொறித்தார்கள். திறந்த பிறகுதான் கவனித்தார்கள், ஆங்கிலத்தில் அதன் முதல் சொல்லான Let's என்பதில் மேலே இருக்க வேண்டிய சிறு குறியைக் காணோம். நம் எழுத்தில் புள்ளி விட்டுப்போன மாதிரி. சிலையைச் செய்தவரே உளியோடு திரும்பி வந்து, கல்லில் அதைச் செதுக்கிச் சேர்த்துவிட்டுப் போனார்.