நூலால் அறுத்த முட்டை

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்த அனுபவத்தைப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பேச்சுகள் வழக்கமாக நிலா முற்றத்தில் தொடங்கி, கையில் வாங்கிய உருண்டைச் சோற்றுக்கு வந்து, ஒரே துணித் தானில் கிழித்துத் தைத்த தீபாவளிச் சட்டையில் போய் நிற்கும். எங்கள் வீட்டிலும் அவையெல்லாம் இருந்தன. ஒரு தீபாவளிக்கு அந்தத் தான் மெத்தை உறைத் துணியைப் போலப் பட்டைக் கோடு போட்டதாக அமைந்துவிட, நாங்கள் ஆண்பிள்ளைகள் நால்வரும் வரிசையாகத் தெருவில் போனபோது ஊர் சிரித்தது. ஆனால் இந்த இனிய கதைகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலப் பின்னால் பிறந்தவர்கள் என்பது எனக்கு வயதான பிறகுதான் உறைத்தது. வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தவரிடம் இதே தலைப்பைக் கொடுத்தால் வேறு பேச்சு கிடைக்கும். ஆகவே என்னுடைய அக்காவைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

கும்பகோணத்துக்கு அருகே காவிரிப் பாசனத்தில் 12 மா (ஏறத்தாழ நான்கு ஏக்கர்) நன்செய், ஓட்டு வீடு, பத்துப் பெற்று எட்டைப் பிழைக்க வைத்த தாய் என்பதே எங்கள் குடும்பம். பெண் நால்வர், ஆண் நால்வர், நான் ஆறாவது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வர வேண்டும் என்று காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய அதே 1956-இல் நான் பிறந்தேன். நான் பிறந்ததால், அப்போது பன்னிரண்டு வயதாகியிருந்த அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா நடவுக்கும் களைக்கும் போக வேண்டியிருந்தது; கைப்பிள்ளையை யாரிடமாவது விட்டாக வேண்டும். இதைக் கொடுமை என்று அன்று எவரும் எண்ணவில்லை. மூத்த பெண் இருக்கிற வீட்டுக்குக் கவலை என்ன என்று ஊரே சொன்னது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் போனதும் இடுப்புப் பிள்ளையும் அடுப்படியும் இரண்டாவது அக்காவின் கைக்கு மாறின.

அக்கா வீட்டில் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில், வாரத்துக்கு ஒருநாள் நான்கு முட்டை வேகும். உண்கிற வாய் எட்டு. கத்தி வைத்தால் மஞ்சள் கரு பொடிந்து ஒரு பக்கமே சேர்ந்துவிடும் என்பதால், தையல் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை விரலில் சுற்றி, தோலுரித்த முட்டையை அந்த நூலின் மேல் அழுத்துவாள். வெள்ளையும் மஞ்சளும் பிசிறில்லாமல் இரண்டாகப் பிரியும். பதினாறு கண்கள் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருக்கும். நீதிமன்றத்தில்கூட அவ்வளவு அமைதியை நான் பின்னாளில் கண்டதில்லை.

துணி, புத்தகம், சிலேட்டு எல்லாமே மேலிருந்து கீழே வந்தன. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அண்ணன்கள் இருவர் பெயரும் அடிக்கப்பட்டு மூன்றாவதாக என் பெயர் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் விடைகளும் ஏற்கெனவே எழுதியிருக்கும், பெரும்பாலும் தவறாக. பள்ளியிறுதியாக இருந்த பழைய பதினோராம் வகுப்பும், அதன்பின் கல்லூரியில் படித்த பி.யூ.சி.யும் போய் 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்தபோது, கடைசித் தம்பிக்குப் பரணிலிருந்த எந்தப் புத்தகமும் உதவவில்லை. வீட்டில் முதன்முதலாகப் புதுப் புத்தக வாசனையை முகர்ந்தவன் அவன்தான்.

இனி, சொல்லக் கூச்சமான பகுதிக்கு வருகிறேன். பெண்களுக்கும் பூர்விகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது. எங்கள் தங்கைக்கு மட்டும் அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். 1991-இல் அப்பாவும் உயில் எழுதாமல் காலமானார். மாவுக்கு நூறு குழி என்ற எங்கள் பக்கத்து நில அளவில் 12 மா என்பது 1,200 குழி. அப்பா, ஆண்பிள்ளைகள் நால்வர், தங்கை என ஆறு பங்கு. அப்பாவின் 200 குழியை மட்டும் எட்டுப் பேருக்கும் பிரிக்க வேண்டும். எங்கள் ஐவருக்கும் தலைக்கு 225 குழி வந்தது. எங்களை இடுப்பில் சுமந்த அக்காவுக்கு 25 குழி.

அந்த 25 குழியையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. வயலுக்கு நடுவே துண்டு விழுந்தால் உழவுக்கு இடைஞ்சல் என்று அண்ணன் சொன்னார்; நானும் தலையாட்டினேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டாள். பட்டுப்புடவை ஒன்று எடுத்துக் கொடுத்தோம். 2005-இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்து மணமான மகளுக்கும் சமபங்கு என்றபோது எங்கள் பாகப்பிரிவினை பதிவாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பதிவுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. சட்டம் தொடாவிட்டால் என்ன, நாங்கள் தொட்டிருக்கலாம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பிகளுக்கே அஞ்ச வேண்டிய அக்காவுக்குப் பழமொழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாம் இருவர் நமக்கு இருவர் என்ற விளம்பரத்தைச் சுவர்களில் படித்து வளர்ந்த என் தலைமுறை அதன்படியே நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அக்கா, அண்ணன் என்று அழைக்க வீட்டில் ஆளில்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். என் பேத்திக்கு அந்தக் குறை உண்டு. ஆனால் அவள் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். பன்னிரண்டு வயதில் அவளை யாரும் நிறுத்தவில்லை.

அக்காவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது, "அத்தனை பேருக்கும் இம்மி பிசகாமல் எப்படிக்கா அறுத்தே?" என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாருடா சொன்னா சரிபாதின்னு? அன்னிக்கு எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தவனுக்குப் பெரிசு. நீ ஒருநாளும் எடுத்ததில்லை."

வணக்கம்.