கண்ணாடிக் காலணியும் பல நிறத்து அரசவையும்

நேயர்களுக்கு வணக்கம். 1997 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘சிண்ட்ரெல்லா’ இசைப்படத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய இந்தப் படைப்பு 1957இல் தொலைக்காட்சிக்கென்றே உருவானது. அப்போது ஜூலி ஆண்ட்ரூஸும், 1965இல் லெஸ்லி ஆன் வாரனும் நாயகியாக நடித்தார்கள், இருவரும் வெள்ளையர். மூன்றாம் முறை அடுப்புச் சாம்பலிலிருந்து எழுந்து வந்தவர் பிராண்டி நார்வுட் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பினப் பாடகி. அன்றிரவு ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள்.

அந்த அரண்மனையை நினைத்துப் பாருங்கள். அரசி வூப்பி கோல்ட்பெர்க், கறுப்பினத்தவர். அரசர் விக்டர் கார்பர், வெள்ளையர். அவர்களுடைய மகனாக வரும் இளவரசர் பாவ்லோ மொண்டல்பான் பிலிப்பைன்ஸில் பிறந்தவர். இது எப்படி என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை, படமும் விளக்கம் சொல்வதில்லை. பார்ப்பவர் மனம் முதலில் சற்று நேரம் உறவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். பிறகு, பூசணிக்காய் தேராக மாறுவதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நாம் மகனின் முகச்சாயலில் மட்டும் ஏன் இடறி நிற்கிறோம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டு அந்தக் கணக்கைக் கைவிட்டுவிடும்.

நாயகி கறுப்பினத்தவர் என்பதையே பலரும் இந்தப் படத்தின் புதுமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது எண்ணிக்கை. பணிப்பெண்ணாக ஒருவர், அரசியாக ஒருவர், தேவதையாக விட்னி ஹூஸ்டன் என மூவர் இருக்க, மாற்றாந்தாயின் அசட்டு மகள்கள் இருவரில் ஒருத்தியாக வரும் நடாலி டெசெல்லும் கறுப்பினத்தவரே. தாயாக வரும் பெர்னடெட் பீட்டர்ஸும் இன்னொரு மகளாக வரும் வியான் காக்ஸும் வெள்ளையர். ஒரு படத்தில் ஓர் இனத்தைச் சேர்ந்தவர் ஒருவர் மட்டும் தோன்றினால், அவர் செய்யும் நல்லதும் கெட்டதும் அந்த இனத்தின் கணக்கில் எழுதப்படும். அதனாலேயே அவரைத் தவறு செய்யாத, சிரிப்புக்கு இடங்கொடாத பதுமையாக எழுதிவிடுவார்கள். நால்வர் இருக்கும்போது ஒருத்தி கம்பீரமாக இருக்கலாம், ஒருத்தி அசடாக இருக்கலாம், நாயகி வெறும் நாயகியாக இருந்துவிட்டுப் போகலாம். அசடாக இருக்கும் உரிமையும் பிரதிநிதித்துவத்தில் சேர்த்தி என்பது என் கருத்து.

இன்னொரு காட்சி. முதலில் தாமே நாயகியாக நடிக்க எண்ணியிருந்த விட்னி ஹூஸ்டன், ஆண்டுகள் கடந்துவிட்டதால் தேவதை வேடத்தை ஏற்று, படத்தின் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். அவர் மந்திரக்கோலை அசைத்ததும் கந்தல் உடை மறைகிறது, வெளிர்நீலப் பட்டாடை வருகிறது. ஆனால் பிராண்டியின் மெல்லிய சிறு பின்னல்கள் அப்படியே இருக்கின்றன, உயர்த்திக் கட்டப்படுகின்றன, அவ்வளவுதான். அழகாவதற்குக் கூந்தலை நீட்டி நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று கறுப்பினச் சிறுமிகளுக்கு நெடுங்காலம் சொல்லிவந்த ஒரு சமூகத்தில், எல்லாவற்றையும் மாற்றவல்ல மந்திரம் எதை மாற்றாமல் விட்டது என்பது சிறிய செய்தி அன்று.

மூலக்கதையின் நாயகி ஐரோப்பியப் பெண்தானே என்று வாதிடுவோர் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ கண்ணாடிக் காலணியோடு இக்கதையை வெளியிட்டது 1697இல். தொலைந்த பொற்காலணியால் அரசன் கண்டடைந்த யெ ஷியான் என்ற பெண்ணின் கதை, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் பதிவாகியிருக்கிறது. அந்த வாதத்துக்கு இதற்கு மேல் நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. சிண்ட்ரெல்லாவின் துயரம் நிறத்தால் வந்ததன்று. கூலியில்லாமல் வீட்டுவேலை வாங்கப்படுவதால் வந்தது. படத்துக்கு இது தெரியாமல் இல்லை. மாறுவேடத்தில் கடைவீதிக்கு வரும் இளவரசனிடம், ஒரு பெண்ணை அன்போடும் மதிப்போடும் நடத்தினால் போதும் என்ற பொருளில் அவளைப் பேச வைக்கிறது. ஆயினும் அவளுக்கு விடிவு அரண்மனைப் படிகளில்தான் கிடைக்கிறது. நிறத்தைப் பார்க்காத அந்த நாடு குலத்தையும் கிரீடத்தையும் நன்றாகவே பார்க்கிறது. அரசர்களின் நிறம் பலவாகிவிட்டது, அரசாட்சியோ இருந்தபடி இருக்கிறது. இரவெல்லாம் அவளோடு ஆடிய இளவரசன், விடிந்ததும் முகத்தை விட்டுவிட்டுக் காலணியை வைத்து வீடுவீடாகத் தேடுவதும் பழைய கதையில் உள்ளபடியே நடக்கிறது. அவள் போன பிறகு அந்த வீட்டின் அடுப்பைப் பற்றவைக்க யார் வந்தார்கள் என்பதை 1957ஆம் ஆண்டுப் படமும் காட்டவில்லை, 1997ஆம் ஆண்டுப் படமும் காட்டவில்லை.

வணக்கம்.