போத்து

(டர்பனில் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த நம் முன்னோருக்கு வைக்கப்போகும் நினைவுச் சின்னத்துக்கு ஒரு மாதிரி வரைந்து தரச் சொன்னீர்கள். மனதில் என்ன வைத்துக் கேட்டீர்கள் என்று தெரியும்: தலையில் கரும்புக் கட்டோடு ஓர் ஆள், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். வரைந்தேன். மூன்று நாள் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் 342 பேர். அத்தனை பேருக்கும் நான் யார் முகத்தை மாட்டுவது?

அப்புறம் ஜூலையில் எங்கள் தெருவில் முருக்கு மரம் பூத்தது. ஓர் இலை கிடையாது, மொட்டைக் கிளை நுனியெல்லாம் சிவப்பு. தமிழ்நாட்டுக் கல்யாண முருங்கைக்குப் பங்காளி மரம் இது. அங்கே பந்தலில் அரசாணிக்காலாக நடுகிறார்கள், சளி பிடித்தால் இலையை அரைத்து அடை சுடுகிறார்கள். இங்கே ஜூலு மக்கள் இதை உம்சின்சி என்கிறார்கள். வழிவழியாக இந்த மண்ணுக்கு உரியவனை ‘உம்சின்சி வோகுசிமிலேலா’ என்பது அவர்கள் வழக்கு. தானாக முளைத்த முருக்கு என்று பொருள்.

நாம் தானாக முளைக்கவில்லை. வெட்டிக் கொண்டுவந்து நட்டார்கள். ஆனால் முருக்கின் குணம் தெரியுமில்லையா? வேலிக்கு வெட்டி ஊன்றிய கிளை, அந்தப் போத்துகூடத் துளிர்த்துவிடும்.

சரி, அதுதான் சிலை. ஆள் உயரத்துக்கு ஒரு போத்து. தலைப்பக்கம் சாய்வாக வெட்டிய வெட்டு அப்படியே தெரியும். ஒரே ஒரு கணுவில் பூ. பட்டை முழுக்க முள். பிள்ளைகளைக் குத்துமே என்றார் ஒருவர். நுனியை மழுக்கித் தருகிறேன், முள்ளை எடுக்கமாட்டேன்.

ஹோவிக் அருகே மண்டேலா பிடிபட்ட இடத்தில் 2012இல் நிறுத்திய 50 எஃகுத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் நின்றால் அவர் முகம், நகர்ந்தால் வெறும் தூண்கள். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனால் அது கடலுக்குத் தள்ளி. நம் உப்புக் காற்றில் எஃகு துருவாய் வழியும். வெண்கலம் வைத்தால் பழைய இரும்புக் கடைக்கு நாமே கொடுத்தனுப்பிய மாதிரி. அதனால் கருங்கல்.

அடியில் தரையில் 342 விதைகள். சின்ன வயதில் ‘லக்கி பீன்’ என்று பொறுக்கினோமே, குன்றிமணி போல, கரும்புள்ளி வைத்த அதே சிவப்பு விதை. கண்ணாடியில் வார்த்துப் பதிக்கப் போகிறேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கப்பல் பதிவேட்டில் அவரவருக்குக் கொடுத்த எண்ணைச் செதுக்கவேண்டும். ட்ரூரோவில் வந்தவர் வழியில் வந்தவர்கள், ஆயா பெட்டியில் பழைய தாள் ஏதாவது கிடந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.