பாடிக் கறந்த இசை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, தேர்வு வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மாவட்டத் தலைநகரிலிருந்து பஸ் ஏறி வந்த நூலக அலுவலர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு மைக் கட்டிய தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கு இதற்கு அடுத்தும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இருந்தும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொன்னார்கள். அதற்குத் தனியாக நன்றி.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் 1974ல் வெளியிட்ட 'ஐரிஷ் டூர் 74' என்ற இரட்டை இசைத்தட்டைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். முதலாவது அந்த இசை, இரண்டாவது அந்தக் கிட்டார், மூன்றாவது அவர் பெயர் தாங்கிய ஒரு நூலகமும், அதைப் பார்த்து நம் ஊரில் செய்ய வேண்டியதும்.

நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு: ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற. ரோரி பாடிக் கறக்க வேண்டிய ஆள். நாலு சுவருக்குள் உட்காரவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து 'இன்னொரு தடவை' என்று சொன்னால் அந்த வேகம் வராது. எதிரே ஜனம் வேண்டும், வியர்வை வேண்டும். அதனால்தான் 1974 ஜனவரியில் பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று ஊர்க் கச்சேரிகளையும் நடந்தது நடந்தபடி பதிவு செய்தார்கள். பதிவுக்கு ரானி லேன் என்ற இசைக்கலைஞரின் நடமாடும் ஒலிப்பதிவுக்கூடம் வந்தது.

பெல்பாஸ்ட் என்று சொல்வது சுலபம். வடக்கு அயர்லாந்தின் தலைநகரான அங்கே, கத்தோலிக்கர் ஒரு பக்கம் புராட்டஸ்டன்ட் ஒரு பக்கம் என்று மோதல் நடந்து, குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் அன்றாடமாக இருந்த காலம் அது. வெளியூர் இசைக்குழுக்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தன. பயம் வீண் பயமில்லை. அடுத்த வருஷமே, 1975 ஜூலையில், கச்சேரி முடித்துத் திரும்பிய மயாமி ஷோபேண்ட் என்ற அயர்லாந்து நடன இசைக்குழுவின் வண்டியை நடுவழியில் மறித்து, கலைஞர்கள் மூன்று பேரைக் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஊரின் அல்ஸ்டர் ஹாலுக்கு ரோரி திரும்பத் திரும்பப் போனார். கத்தோலிக்கப் பையனும் புராட்டஸ்டன்ட் பையனும் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டார்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜெரி மெக்கவாய் அந்த ஊர்க்காரர்தான்.

'வாக் ஆன் ஹாட் கோல்ஸ்' பாட்டு 11 நிமிடம் ஓடுகிறது. லூ மார்ட்டினின் பியானோவும் கிட்டாரும் ஒன்றையொன்று விரட்டும். ராட் டெயாத்தின் டிரம்ஸ் இரண்டையும் விடாமல் துரத்தும். 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டில் கிட்டார் அடங்கி, அழுது, பிறகு எழும். ஸ்டூடியோவில் பதிந்த அதே பாட்டையும் கேட்டேன். அதுவும் நல்ல பாட்டுதான், ஆனால் இந்த மூச்சு அதில் இல்லை. பாடுகிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்.

சரி, கிட்டாருக்கு வருவோம். 1961ல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார். ஒரு ஷோபேண்ட் கலைஞர் சிவப்பு நிறம் கேட்டு வரவழைத்தார், வந்ததோ மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் ஏறிய ஒன்று. கொஞ்ச நாள் வாசித்துவிட்டுக் கடையில் கொடுத்துவிட்டார். கார்க் நகரத்துக் கடை, வருஷம் 1963. ஜன்னல் வழியாக 15 வயசுப் பையன் ரோரி பார்க்கிறான். விலை 100 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது மலை. கடனுக்கு வாங்கி, மேடையில் வாசித்த காசில் தவணை கட்டினான். இந்தக் கூட்டத்தில் தவணை கட்டியே தையல் மிஷின் வாங்கியவர்கள் இருப்பீர்கள், அந்தப் பையனின் மனசு உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் டப்ளினில் ஒரு நாள் வேனிலிருந்து கிட்டார் திருடு போனது! தொலைக்காட்சியில்கூட அறிவிப்பு வந்தது. கடைசியில் ஒரு பள்ளத்தில், மழையில் ஊறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். திரும்பக் கையில் வாங்கிய ரோரி இனி இதை விற்கவே மாட்டேன் என்று முடிவு செய்தார். புதுச் சாயமும் அடிக்கவில்லை. வியர்வை பட்டுப் பட்டு மேல்பூச்சு உரிந்து வெறும் மரம் தெரிந்தது. 1995ல் 47 வயதில் அவர் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. 2024 அக்டோபரில் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது கேள்வி 7 லட்சம் பவுண்டுவரை போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அருங்காட்சியகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. கார்க் நகர நூலகத்தின் இசைப் பிரிவுக்கு ரோரி கேலகர் இசை நூலகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கதைப் புத்தகம் எடுப்பது போல இசைத்தட்டும் எடுத்துப் போகலாம். நூலக அலுவலர் ஐயா இங்கே இருப்பதால் சொல்கிறேன். வீட்டு வரியோடு நாமும் நூலக வரி கட்டுகிறோம். நம் கிளை நூலக மாடியில் பழைய பேப்பர் கட்டுகள் கிடக்கும் அறையைக் காலி செய்து, இரண்டு கம்ப்யூட்டரும் ஆறு ஹெட்போனும் வைத்தால் அது இசை அறை.

அங்கே ரோரியும் இருக்கட்டும், நம் திருவிழா நாதஸ்வரமும் இருக்கட்டும். ராத்திரி சுவாமி புறப்பாட்டில் வாசித்ததைக் கேசட்டில் பிடித்து வைத்தவர்கள் இந்த வரிசைகளிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் பாடிக் கறந்த பால்தான். அந்த நாடாவில் பூஞ்சை ஏறினால் போனது போனதுதான். அந்த வாசிப்பை மறுபடி எங்கே போய்க் கேட்பது? மேளக்காரர் வீட்டுப் பேரன் தாத்தா வாசித்ததைக் கேட்கவே வழியில்லாமல் வளரக் கூடாது.

வாசலில் மேஜை மேல் மனு இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள். கேசட் வைத்திருப்பவர்கள் வாசகர் வட்டச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தருவோம். முதல் கையெழுத்தை நகர்மன்றத் தலைவர் அவர்கள் போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.